அரைக்கண் அணில்

அணிலும் சுண்டெலியும் காடையும் ஆமையும் ஒரு காட்டுக் குளக்கரையில் வாழ்ந்தார்கள். சாயங்காலமானால் அங்கிருந்த மருதமரத்தின் கீழே எல்லாரும் கூடி ஆண்டவரிடம் ஜெபம் பண்ணுவார்கள்.

ஜெபத்தின் நடுவே அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒவ்வொருவராக எழுந்து மரப்பொந்து வரைக்கும் போய் வருவார்கள். இருக்கிறவர் தன் தீனியில் கொஞ்சம் உள்ளே வைப்பார். இல்லாதவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் கண்ணை மூடுவதே.

அணிலுக்குப் பால்குடி மறக்காத மூன்று குட்டிகள் இருந்தன. அவள் சுறுசுறுப்பானவள், தாராளக்காரி. நல்ல கொட்டையாகப் பார்த்துப் பொறுக்கி வந்து பொந்தில் வைப்பாள். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அரைக்கண் திறந்து மற்றவர்களைப் பார்ப்பாள். முதலில் சும்மாதான் பார்த்தாள். போகப் போக அதுவே பழகிவிட்டது.

சுண்டெலி தினமும் எடுக்கிறாள் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. சுண்டெலியின் புருஷனை ஆந்தை தூக்கிப்போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வளையில் பச்சைக் குஞ்சுகள் கிடந்தன.

ஜெபம் முடிந்து திரும்பும்போது அணில் காடையின் காதில் சொன்னாள்: “இந்தச் சுண்டெலி ஜெபத்துக்கா வர்றா? வயித்துக்கு வர்றா.”

காடை நின்று அவளைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க கண்ணை மூடலையா?”

“மூடினேன். தூசி விழுந்துச்சு.”

அதிலிருந்து அணில் சுண்டெலியின் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆண்டவருக்கு மற்றவர்களைவிடத் தன்னைத்தான் பிடிக்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு. தான் கொடுக்கிறவள் அல்லவா?

மழைக்காலம் வந்தது. வந்த மழை விடவே இல்லை. குளம் கரை உடைத்து ஓடி, புங்கமர வேரடியில் அணில் சேர்த்துவைத்திருந்த கொட்டைகள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. கிளை கிளையாக ஏறித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பட்டினியில் அவளுக்குப் பால் வற்றியது. குட்டிகள் முட்டி முட்டி அழுதன. கடைக்குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

சாயங்காலம் ஜெபத்துக்குப் போனாள். தன் முறை வந்ததும் பொந்தடிக்கு வந்தாள். உள்ளேயிருந்து தானிய வாசனை வந்தது. ஆனால் கை நீளவில்லை. யாராவது அரைக்கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்? நாளைக்கு யார் காதில் யார் என்ன சொல்வார்களோ? வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து கடைக்குட்டி கண்ணே திறக்கவில்லை. மாலையில் பொந்தின் முன்னால் நின்ற அணில், தாங்க மாட்டாமல் திரும்பிப் பார்த்தாள். காடையின் கண் இறுக மூடியிருந்தது. ஆமை தலையையே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் இமைகூட அசையவில்லை. இத்தனை நாளும் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பொந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுண்டெலி கண்ணை மூடியபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவரே, இதுல வைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அவங்க பிள்ளைங்க பசியறியாம இருக்கணும்.”

அணில் சுண்டெலியின் பக்கம் திரும்பினாள். தினமும் இதைத்தான் கேட்டாளா? தான் ஏளனமாகப் பார்த்த அந்த வாய், தன் குட்டிகளுக்காகவா ஜெபித்துக்கொண்டிருந்தது?

பொந்தின் வாசலில் நெற்றியைச் சாய்த்தாள்.

“ஆண்டவரே, நான் இன்னைக்குக் கொடுக்க வரலை. பசிச்சு வந்திருக்கேன்.”

கை தானாக நீண்டது. வயிறார அங்கேயே தின்றாள். வாய் கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு கூட்டுக்கு ஓடினாள். விடிவதற்குள் பால் சுரந்தது. கடைக்குட்டி கண்ணைத் திறக்காமலேயே மோப்பம் பிடித்து வந்து மடியை முட்டியது.

அன்று சாயங்காலம் அணில் நேராகச் சுண்டெலியிடம் போனாள். “கொஞ்சம் தள்ளி உட்காரு தங்கச்சி, எனக்கும் இடம் வேணும்” என்றாள். சுண்டெலி நகர்ந்து இடம் விட்டாள். அணில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

ஆண்டவர் முன்னால் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு கூட்டம் கிடையாது. நாம் எல்லாரும் அவர் கையிலிருந்து வாங்கித் தின்கிற பிள்ளைகள்தான்.