சூரியனுக்குப் பக்கத்தில்

"ஏனுங்கம்மா, மூணு வருசமா உங்க காலடியிலயே கெடக்கறேன். எனக்கு மட்டும் ஏனுங்க ஒண்ணும் ஏறலை?"

ராக்கியப்பன் இதைக் கேட்டபோது அவருடைய பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

கரும்பாறை மலையின் உச்சி. தை மாதத்து மத்தியானம். வெயில் பளீரென்று அடிக்கிறது. மனிதரோ தலைக்கு மஃப்ளர், உடம்புக்கு ஸ்வெட்டர், அதற்கு மேல் மடத்துக் கம்பளி என்று மூட்டையாக உட்கார்ந்திருந்தார்.

எதிரே தவமணியம்மா. காவி கட்டுவதற்கு முன்பு வானிலை நிலையத்தில் பதினோரு வருடம் வெப்பமானி பார்த்து எழுதியவர். சிஷ்யரைவிடப் பதினாறு வயது இளையவர். அதனால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். குருவே அண்ணா என்றால் சிஷ்யனுக்கு எங்கே ஞானம் வரும் என்று மடத்தில் கேலி செய்வார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"கீழே மடத்துல ரூம் இருக்கறப்ப இந்த உச்சியில எதுக்குங்ண்ணா குடிசை போட்டீங்க?"

"சூரியனுக்குப் பக்கம்னு வந்தனுங்க."

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. முப்பத்தெட்டு வருசம் அரிசி மில்லு பாய்லருக்கு உமி தள்ளுனவனுங்க நானு. கிட்டப் போகப் போகச் சூடு. நான் படிச்ச படிப்பே அதுதானுங்க. இங்க என்னடான்னா ஏற ஏறக் குளுருது."

"ம்."

"உங்ககிட்டயும் அப்படித்தானுங்க இருக்குது. பால் கொண்டு வர்ற மாராயி வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போறா. போயி ஊரையே சிரிக்க வெக்கறா. நான் நெழலாட்டம் கூடவே திரியறேன். உள்ளுக்குள்ள சில்லுன்னு கெடக்குதுங்க."

அம்மாவுக்கு அந்த மனிதர் மேல் பாசம் பொங்கியது. தலையைத் தடவிக் கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"அந்தக் கடுதாசி வந்து பத்து நாளாச்சுங்களே. இன்னும் பையிலயே இருக்குது?"

ராக்கியப்பன் சட்டைப் பையைக் கம்பளியால் மூடிக்கொண்டார்.

மகள் பூங்கோதை எழுதியது. தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்து வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கும் போகவில்லை, பேரன் பிறந்ததற்கும் போகவில்லை.

கடிதத்தில் ஆறே வரி.

'தை கடைசி வெள்ளிக்கிழமை பையனுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. உங்கள் மடி இருக்கிறதே என்று எழுதுகிறேன். நீங்கள் வராவிட்டால் கோயில் பூசாரி மடியில் வைத்துக்கொள்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

"கோவமெல்லாம் இல்லீங்கம்மா. எல்லாத்தையும் விட்டுட்டேனுங்க."

"விட்டவரு எதுக்குங்க நெஞ்சுல வெச்சுட்டுத் திரியறீங்க?"

ராக்கியப்பன் மஃப்ளரை இறுக்கிக் கட்டினார். காற்று ஊசியாகக் குத்தியது.

"சரி, விடுங்க. அந்தப் பாறையில கை வையுங்க."

வைத்தார்.

"அட! நல்லாச் சுடுதுங்க."

"கையை ஒரு முழம் மேல தூக்குங்க."

"குளுருதுங்க."

"பாறைக்குச் சூடு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"சூரியன்லருந்துதானுங்க."

"எது வழியா வந்துச்சு?"

ராக்கியப்பன் அண்ணாந்து பார்த்தார். பாறையைப் பார்த்தார். நடுவில் தொங்கிய தன் கையைப் பார்த்தார்.

"இந்தக் காத்து வழியாத்தானுங்க."

"அப்பக் காத்து ஏனுங்க சூடாகலை?"

முப்பத்தெட்டு வருடத்துப் படிப்பு முழித்தது.

"வெயிலு காத்துல அவ்வளவா நிக்காதுங்ண்ணா. ஊடால பூந்து கீழ போயிரும். மண்ணும் பாறையும் தண்ணியும்தான் அதை வாங்கும். வாங்கித் தன்னை ஒட்டுன காத்துக்குக் குடுக்கும். அந்தக் காத்து லேசாகி மேல எந்திரிக்கும்."

ராக்கியப்பன் விடவில்லை. "அப்ப மேல வர்ற காத்து சூடா இருக்கோணுமில்லீங்க?"

"உங்க பாய்லர்ல ஆவி வால்வைத் தொறந்தா எப்படி இருக்கும்?"

"வால்வுகிட்டக் கை வெச்சா வெந்துரும். தள்ளி வெச்சா வெதுவெதுன்னு இருக்குமுங்க. வெளிய வந்ததும் விரிஞ்சு..."

அவர் நிறுத்தினார்.

"காத்தும் அப்படித்தானுங்க. மேல ஏற ஏற விரியும். விரிய விரிய ஆறிப்போகும்."

"அப்ப ஊருக்குச் சூடு குடுக்கறது சூரியன் இல்லீங்களா?"

"சூரியன்தானுங்க. தரை வழியாக் குடுக்குது."

ராக்கியப்பன் மறுபடி பாறையில் கை வைத்தார். இந்த முறை எடுக்கவே இல்லை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது. குளிரா, வேறு ஏதாவதா என்று அம்மா கேட்கவில்லை.

அம்மா எழுந்து வந்து அவர் தோளிலிருந்த கம்பளியை உருவி மடிக்க ஆரம்பித்தார்.

"என்னங்கம்மா இது?"

"மடத்துக் கம்பளி. கீழ போறவங்களுக்கு வேண்டாமுங்க. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நேரமிருக்குது."

"நான் போறேன்னு சொல்லவே இல்லீங்களே!"

"குளுருதுன்னு சொன்னீங்களே."

குடிசையில் மூட்டை கட்ட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவை விட்டுப் போகத்தான் கால் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, பால் வந்துச்சுங்களா, விறகு இருக்குதுங்களா, தண்ணி யாரு எடுப்பாங்க என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"மாராயி பார்த்துக்குவா. போயிட்டு வாங்கண்ணா," என்ற அம்மாவின் கண்களும் கலங்கித்தான் இருந்தன.

பஸ் மலையிறங்கியது. எட்டாவது கொண்டை ஊசி வளைவில் மஃப்ளரைக் கழற்றினார். பதினைந்தில் ஸ்வெட்டரைக் கழற்றினார். அடிவாரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை. கோயில் மண்டபத்தில், பூசாரிக்கு விரித்திருந்த பாயில் ராக்கியப்பன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூங்கோதை பையனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். அந்த ஈரத்தில் பையன் வெடவெடத்தான். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் மண்டபமே அதிர வீறிட்டான். இரண்டாவது காதுக்கு அதைவிட. பிறகு தாத்தாவின் தொப்பையில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான். தேம்பல் குறைந்தது. நடுக்கம் நின்றது.

"தூங்கிட்டான். உங்க சூடு புடிச்சுப்போச்சுப்பா அவனுக்கு," என்றாள் பூங்கோதை. ஐந்து வருடத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

ராக்கியப்பன் உள்ளங்கையைப் பேரனின் முதுகில் வைத்துப் பார்த்தார். ஒரு முழம் மேலே தூக்கினார். சட்டென்று திரும்ப வைத்துக்கொண்டார்.

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாமியாராப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. எறங்கி வரமாட்டீங்கன்னு நெனச்சேன். எப்படிப்பா வந்தீங்க?"

அவர் பேரனின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மேல குளுருது கண்ணு."