இறக்கத்தில் கேட்ட சத்தம்

“மாஸ்டர், எனக்கு எப்பத்தான் ஒரு இன்ஜினைப் பிரிக்கத் தருவீங்க?”

கேட்டவர் சௌந்தரபாண்டி. வயது ஐம்பதைத் தொடுகிறது. ஜவுளிக்கடையில் காலமெல்லாம் சேலை விரித்துக் காட்டியவர். கடையை மூடியதும், சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட தொழிலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

மாஸ்டர் வேலுத்தாய் அவரைவிட ரொம்ப இளைய பெண். போடியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், முதல் மேட்டின் அடியில் அவருடைய ஒர்க்‌ஷாப்.

“நேரம் வரட்டும்ணே” என்றார், டீயை ஊதிக்கொண்டே.

நேரம் அப்போதே வந்துவிட்டது போலிருந்தது.

முத்திருளன் ஒரு பழைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி பேச்சியம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இருவருக்கும் ஏலத்தோட்டத்தில் வேலை. சேர்ந்து போய்வரலாம் என்று ஆசையாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி.

“தனியா ஓட்டுனா நல்லா ஓடுதுண்ணே. இவ ஏறுனா மட்டும் சடக் சடக்னு அடிக்குது. பார்த்தவங்க எல்லாம் இன்ஜின் போச்சுங்கிறாங்க.”

பேச்சியம்மாள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள்.

“நான் ஏறுனா வண்டி அழுவுதாம். தோட்டமே சிரிக்குது. நான் இனிமே தோட்டத்து ஜீப்புலயே போய்க்கிறேன்.”

சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சௌந்தரபாண்டியின் கையில் அதற்குள் ஸ்பேனர் ஏறியிருந்தது.

“பாரம் தாங்காம பிஸ்டன் அடிக்குது மாஸ்டர். பிரிச்சிரலாம்.”

வேலுத்தாய் ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார். அந்தக் கையில் வண்டிச் சாவியை வைத்தார்.

“ஓட்டுங்க.”

பின் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரும் லேசான ஆள் இல்லை.

மேட்டில் ஏறத் தொடங்கியதுமே சத்தம் வந்துவிட்டது.

சடக். சடக். சடக்.

“கேட்டீங்களா மாஸ்டர்! இன்ஜின்தான்!”

“ம்.”

“ஆக்ஸிலேட்டரைக் கூட்டுனா வேகமா அடிக்குது பாருங்க!”

“ம்.”

முதல் வளைவு வந்தது.

“திருப்புங்கண்ணே.”

திருப்பினார். ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஒரே இறக்கம்.

“நியூட்ரல்ல போடுங்க.”

போட்டார்.

வேலுத்தாய் பின்னாலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார்.

இன்ஜின் அடங்கியது. காற்று காதில் விழுந்தது. பள்ளத்தில் எங்கோ ஒரு குருவி கத்தியது. வண்டி தன்பாட்டுக்கு உருண்டது.

சடக். சடக். சடக்.

சௌந்தரபாண்டி தலையைத் திருப்பினார்.

“மாஸ்டர்!”

“ம்.”

“மாஸ்டர், இன்ஜின் ஓடலையே!”

“ஓடல.”

சௌந்தரபாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறக்கம் முழுக்கச் சிரித்தார். ஹேண்டில்பார் ஆடியது. வேலுத்தாய் அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நின்றதும் சௌந்தரபாண்டி குதித்து இறங்கிப் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். செயின் கவர் ஓரிடத்தில் உள்ளே ஒடுங்கியிருந்தது. பின்னால் யார் ஏறிச் சீட்டு அழுந்தினாலும், சக்கரத்தோடு சுற்றும் செயின் அதில் போய் இடிக்கும். உரசி உரசி அந்த இடம் பளபளத்தது.

“கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணே?” என்றான் முத்திருளன்.

“ஆச்சு.”

“சரி பண்ண முடியுமா?”

“கையாலயே நிமிர்த்திரலாம்.”

தகரத்தில் விரலை வைத்தவர், நிமிர்ந்து பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் இன்னும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை எடுத்துவிட்டார்.

“மொதல்ல ரெண்டு பேரும் அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வாங்க. திரும்பி வர்றப்ப வண்டிய ஆஃப் பண்ணி, அப்படியே உருட்டிக்கிட்டு வாங்க.”

“நான் ஏற மாட்டேன்” என்றாள் பேச்சியம்மாள்.

“எனக்காக ஏறும்மா. ஒரே ஒரு தடவை.”

வேண்டாவெறுப்பாக ஏறினாள். சடக் சடக்கென்று வண்டி மேட்டில் ஏறி மறைந்தது.

வேலுத்தாய் மீதி டீயைக் குடித்தார். ஆறியிருந்தது.

“நிமிர்த்திட்டு, இதுதான்மான்னு சொல்லியிருக்கலாமேண்ணே?”

“நீங்க மட்டும் எனக்குச் சொன்னீங்களா மாஸ்டர்?”

மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், இன்ஜின் சத்தம் நின்றது.

சற்று நேரம் ஒன்றுமில்லை.

பிறகு சடக் சடக் கேட்டது. அதையும் மீறிக்கொண்டு ஒரு பெண்ணின் சிரிப்பு, மேட்டிலிருந்து இறங்கி வந்தது.