மின்னல்கொடி வீட்டுக் காதுகுத்து

அடைக்கலத்துக்கும் மின்னல்கொடிக்கும் பிள்ளை இல்லை. ஊரார் வீட்டுக் காதுகுத்து, சடங்கு ஒன்று விடாமல் மொய் செய்தார்கள். செய்த மொய்யைத் திரும்ப வாங்க அவர்கள் வீட்டில்தான் விசேஷமே வரவில்லை. மொய்க்காக இருவர் பெயரிலும் கூட்டுறவு வங்கியில் எடுத்த ஓ.டி. கடன் மட்டும் வளர்ந்தது.

வங்கித் தலைவர் வைரப்பெருமாள் சந்தையில் வைத்தே அதட்டினார். “ரெண்டே பேரு, தின்னே தீர்த்தீங்களாப்பா? இந்த மாசம் கட்டலேன்னா வீடு ஏலம்!”

அவர் வீட்டு விசேஷங்களுக்கும் மொய் எழுதியிருந்த அடைக்கலம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மறுநாள் மின்னல்கொடி வங்கிக்கே போய், கூட்டத்தின் நடுவே வெற்றிலை பாக்கோடு பத்திரிகை நீட்டினாள்.

“காதுகுத்துங்கய்யா. குடும்பத்தோட வரணும்.”

“ஒனக்கேது புள்ள?”

“எங்க ரெண்டு பேரு பேர்லயும் பொறந்தது அந்த ஓ.டி. ஒண்ணுதானுங்க. கையெழுத்துப் போட்டு எடுத்துக் குடுத்தவரு நீங்க. தாய்மாமன் சீரும் நீங்கதான் செய்யணும்.”

வங்கியே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் அவளுக்கு மொய் பாக்கிக்காரர்கள். விருந்தன்று ஒருவர் விடாமல் வந்து திருப்பிச் செய்தார்கள். தலைவரும் தாம்பாளத்தோடு வந்தார். கடன் அடைந்தது.

பந்தல் பிரிக்கையில் அடைக்கலம், “வீடு தப்பிச்சுதுடி” என்றான்.

“தப்பிச்சுது மாமா,” என்றாள் அவள். “அதுல வளந்த ஒண்ணே ஒண்ணும் போயிருச்சு.”