நான்காவது வரி

பரிசு ஒன்றுக்கு மூவர் உரிமை கொண்டாடிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையில் ஒரு பழிக்கு மூவர் உரிமை கொண்டாடினார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். அங்கே தயாராகும் ஏஐ கருவிகளைப் பொதுப் பதிவேடு ஒன்றில் சேர்ப்பதற்கு விளக்கம் எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. மக்களின் கைப்பேசியில் இருந்துகொண்டு, சொன்ன வேலையைத் தாமே முடித்துத் தரும் ஏஐ உதவி முகவர்கள் அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்த வேலைக்கு எந்தக் கருவியை அழைப்பது என்று முடிவு செய்யும். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. எழுதியிருப்பதை நம்பும், அவ்வளவுதான்.

ஒரு டயாலிசிஸ் மையத்துக்காக, நோயாளிகளின் சிகிச்சை நேரத்தை மாற்றும் கருவி தயாரானது. ஜெசிந்தா ஒரு நாள் முழுக்க அதை ஓட்டிப் பார்த்துவிட்டு நான்கு வரி எழுதினாள். வேறு நேரம் பார்த்து மாற்றித் தரும் என்பது முதல் வரி. விரைவானது, எளிமையானது என்று அடுத்த இரண்டு வரிகள். நான்காவது வரி: ‘பழைய பதிவை நீக்கிவிட்டுத்தான் புதிய நேரத்தைத் தேடும், கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கும்.’

பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பு குழுத் தலைவர் செண்பகக்குமாருடையது. அவர் நீளத்தை மட்டும் பார்த்தார்.

“ஜெசிந்தா, ஒரு வரி கூடுதலா இருக்கு. குறைச்சுக் குடுங்க, இன்னைக்கே ஏத்திரலாம்.”

எந்த வரி என்று அவர் சொல்லவில்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஜெசிந்தா நான்காவது வரியை எடுத்தாள். அது இருந்தால் கருவியில் ஏதோ குறை இருப்பதுபோலத் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸ் மையத்தில் பதிவுகளைக் கவனிக்கும் மைமூன், ஒரு நோயாளியின் பெயர் காணாமல் போயிருப்பதைப் பார்த்தார். தான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் சுடலைமுத்து. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். வியாழக்கிழமை காலை பேத்திக்குக் காதுகுத்து. கைப்பேசியிடம், “வியாழக்கிழமை காலைக்குப் பதிலா மத்தியானம் இடம் இருக்கான்னு பாரு” என்றார். முகவர் பதிவேட்டைப் படித்தது, கருவியை அழைத்தது. மத்தியானம் இடமில்லை. ‘காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டீர்கள்’ என்று செய்தி வந்தது. மத்தியானத்துக்குத்தான் காத்திருக்கிறோம், காலை இடம் அப்படியே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை காதுகுத்துக்குப் போகாமல் மையத்துக்குப் போனார். அவருடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார். மற்றப் படுக்கைகளும் நிரம்பியிருந்தன. மறுநாள் மாலை வரச் சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்துத்தான் வார்டுக்கு வந்தார்.

கருவி அவருடைய பதிவை நீக்கிவிட்டதாக மையத்திலிருந்து நிறுவனத்துக்குத் தகவல் வர, ஜெசிந்தா, செண்பகக்குமார், மைமூன் மூவரும் அவரைப் பார்க்கப் போனார்கள்.

“நான் பாக்கத்தானம்மா சொன்னேன்? மாத்தச் சொல்லலியே” என்றார் சுடலைமுத்து. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மைமூன் அழுதுவிட்டார். “முன்னாடியே ஒரு தடவை இப்படி நடந்துச்சு. நான் வாயத் திறந்திருந்தா உங்களுக்கு இது வந்திருக்காது. தப்பு என்மேலதான்.”

“இல்லம்மா, விளக்கத்தைக் குறைக்கச் சொன்னது நான். அதுல எது விட்டுப்போச்சோ தெரியல. பொறுப்பு என்னோடது” என்றார் செண்பகக்குமார்.

“எழுதினது நான், சார். என் தப்புதான்” என்றாள் ஜெசிந்தா. எதை எடுத்தாள், எதை விட்டுவைத்தாள் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

“நான் சொன்னதத்தானே நீங்க செஞ்சீங்க” என்று செண்பகக்குமார் தேற்றினார். அந்தத் தேறுதலை அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்: இந்தப் பழி யாருக்கு அதிகம் உரியது?

விடை: ஜெசிந்தாவுக்கு. மைமூனுக்குக் காரணம் தெரியாது. செண்பகக்குமார் அக்கறையில்லாமல் குறைக்கச் சொன்னார், மறைக்கச் சொல்லவில்லை. கருவி எதை நீக்கும் என்று தெரிந்திருந்தும், புகழும் வரிகளை வைத்துக்கொண்டு எச்சரிக்கும் வரியை எடுத்தவள் அவள் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும். மறுநாள் தனியாகப் போய்ச் சுடலைமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “எங்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் பதிவேட்டுல எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். எழுதவில்லை. எப்படி மன்னிப்புக் கேட்பது என்று இத்தனை நாள் யோசித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ஜெசிந்தா அங்கேயே நின்று செண்பகக்குமாருக்குப் போன் போட்டு, கருவியை உடனே நிறுத்தச் சொன்னாள். “ஏன், என்னாச்சு?” என்று அவர் கேட்டதும், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.