பக்கத்துக்குப் பக்கம் நாலு விரல்

பஞ்சு பறக்கிற ஒரு நூல் மில்லில் செங்கமலம் என்றொரு தொழிலாளி இருந்தாள். மிஷினில் கை மாட்டாமல் வேலை செய்வது எப்படி என்று, புதிதாக வருகிறவர்களுக்காகப் படம் படமாக வரைந்து வைத்திருந்தாள். பயிற்சி அதிகாரி தாமோதரன் அதைப் பார்க்கக் கேட்டு வாங்கித் தன் பெயரில் புத்தகமாகப் போட்டுவிட்டார். காப்புரிமையும் தனக்கே என்று முதல் பக்கத்தில் அச்சடித்துக்கொண்டார்.

அது தெரியாமல் அவள் பக்கத்து மில் பெண்களுக்கும் அதே படங்களை வரைந்து கொடுத்தாள். “என் புத்தகத்தைத் திருடிட்டா, வேலையை விட்டு நிறுத்துங்க” என்று முதலாளியிடம் போய் நின்றார் தாமோதரன்.

“நீதான் வரைஞ்சேங்கிறதுக்கு அத்தாட்சி காட்டும்மா” என்றார் முதலாளி. பேரும் போடவில்லை, தேதியும் போடவில்லை. எதைக் காட்டுவாள்?

“சாரே வரைஞ்சதா இருக்கட்டும் ஐயா. படத்துல இடது கைக்கு ஏன் நாலே விரல்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

தாமோதரன் புரட்டினார். அப்போதுதான் அவரே பார்க்கிறார். “அச்சுப் பிழை. சரி பண்ணிடலாம்.”

“பன்னிரண்டு பக்கத்துலயும் அதே மோதிர விரலையா சார் அச்சு முழுங்கிச்சு? அது என் தம்பி மாசிலாமணி கை. விரலை இங்க மிஷின் எடுத்துச்சு. புண்ணு புரையோடி அவனும் போயிட்டான். இன்னொரு வீட்டுல அழுகை வேண்டாம்னுதான் வரைஞ்சேன்.”

முதலாளி விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாசிலாமணி, இடது கை, மோதிர விரல் என்று இருந்தது.

புதுப் பதிப்பு செங்கமலம் பெயரோடு வந்தது. ஆனால் அச்சகத்தில் யாரோ, விட்டுப்போனதென்று நினைத்து, ஐந்தாவது விரலையும் வரைந்திருந்தார்கள். செங்கமலம் அந்த விரலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அது பிழை என்று யாரிடமும் சொல்லவில்லை.