சிங்காரத்தின் ஆட்டமும் பச்சைப் பாசியும்

ஒரு வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீருக்குள், சிங்காரம் என்ற கோமாளி மீன் வாழ்ந்தது. பாறையில் ஒட்டி வாழும் பிராணியான கடல் சாமந்தி அக்காதான் அதற்கு வீடு. பூவாக விரிந்திருக்கும் அக்காவின் விரல்களுக்கு நடுவே அதற்குத் தூக்கம், விளையாட்டு எல்லாம்.

சிங்காரத்திடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கெட்டிக்காரத்தனம் என்று அதுதான் சொல்லிக்கொண்டது! கண்ணாடி அருகே யார் வந்தாலும் வாலை ஆட்டி, வாயைப் பிளந்து, குட்டிக்கரணம் போடும். பார்க்கிறவர்களுக்குப் பத்து நாள் பட்டினி போலத் தோன்றும். காலையில் அந்த வீட்டு அப்பா ஒரு சிட்டிகை இரை போடுவார். அவர் போனதும் அம்மா வருவாள். மறுபடி குட்டிக்கரணம், மறுபடி ஒரு சிட்டிகை. மாலையில் மகள் பூங்கோதை வந்தால் கேட்கவே வேண்டாம், டப்பாவையே கவிழ்ப்பாள்.

"பார்த்தீங்களா சித்தப்பா! மூணு பேரையும் என் வாலிலே முடிஞ்சு வெச்சிருக்கேன்!" என்று சிங்காரம் அதே தொட்டியில் இருந்த நத்தையிடம் பீற்றிக்கொண்டது.

கண்ணாடியில் பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தை நிமிர்ந்தது. "நீ தின்னது போக மிச்சம்?"

"மணலுக்குள்ளே போகுது. நமக்கென்ன!"

"அங்கே கிடந்து அழுகுதுடா. அதைத் தின்னுதான் பாசி வளரும்."

"வளர்ந்தா மேயத்தானே நீங்க இருக்கீங்க? உங்க வேலையைப் பாருங்க!"

நத்தை மறுபடி மேயப் போனது. சொன்னால் கேட்கிற பிள்ளையா அது!

சில வாரங்களில் பாறையெல்லாம் பச்சை மயிராகப் பாசி முளைத்தது. நத்தை வயிறு வெடிக்க மேய்ந்தும் தீரவில்லை. இங்கே மேய்ந்தால் அங்கே முளைத்தது. சிங்காரமோ ஆட்டத்திலேயே குறியாக இருந்தது.

ஒருநாள் ஆட்டம் முடிந்து வீடு திரும்பினால், அக்காவைக் காணோம்! விரல்கள் விரிந்திருந்த இடத்தில் பச்சைப் புதர். அதன் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள் சாமந்தி.

"அக்கா! என்னக்கா இது!"

"வெளிச்சமே படலைடா... மூச்சு முட்டுது," என்றாள் அவள்.

சிங்காரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசியின் மேல் பாய்ந்து கடித்தது. "அடப் பாவிங்களா! உங்களை யாரு இங்கே கூப்பிட்டது?"

பாசி தன் இழைகளையெல்லாம் வளைத்துக் கும்பிட்டது. "நீங்கதானே எஜமான்! நீங்க ஆட ஆட இரை விழுந்தது. நீங்க தின்னது கொஞ்சம், எங்களுக்கு வந்தது மிச்சம். உங்க புண்ணியத்துலதான் இவ்வளவு பெரிய குடும்பம் ஆனோம்! நாளைக்கும் ஒரு ஆட்டம் போடுங்க!"

 கடித்த இழை சிங்காரத்தின் வாயிலிருந்து நழுவியது.

"ஐயோ! நானா? அக்காவை நானேயா இப்படிப் பண்ணினேன்?" அது நத்தையைப் பார்த்தது. நத்தை ஆமாம் என்று தலையை அசைத்தது. "இப்ப நான் என்ன செய்யணும் சித்தப்பா?"

"ஒன்னும் செய்யாம சும்மா இரு! உனக்கு அதுதான் பெரிய கஷ்டம்."

மாலையில் பூங்கோதை டப்பாவோடு வந்தாள். சிங்காரத்தின் வால் தானாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே கிடந்தது.

"மீனைக் காணோமே!" என்று அவள் குனிந்து தேடினாள். இத்தனை நாளும் ஆட்டத்தைத்தான் பார்த்தாள், தொட்டியைப் பார்க்கவேயில்லை. இப்போது பார்த்துவிட்டாள். "அப்பா! அம்மா! ஓடி வாங்க! உள்ளே ஒரே பச்சையா இருக்கு!"

"இரை அதிகமானாத்தான் இப்படி ஆகும். நான் காலையில ஒரு தடவைதானே போடுறேன்!" என்றார் அப்பா.

"ஐயையோ, நானும் போடுறேனே!" என்றாள் அம்மா.

"நானும்தான்!" என்றாள் பூங்கோதை. மூவரும் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா கைக்கு வந்த பாசியைப் பிடுங்கினார். மணலில் தங்கிய அழுக்கைக் குழாய் போட்டு உறிஞ்சி, புது உப்புத் தண்ணீர் விட்டார். பிறகு விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார். மூன்று நாள் வெளிச்சமில்லை, இரையுமில்லை!

"சித்தப்பா! உலகமே அணைஞ்சு போச்சா?" என்று அலறியது சிங்காரம்.

"கத்தாதே! பாசியைப் பட்டினி போட்டாத்தான் அது சாகும். நீ வெச்ச விருந்துக்கு இதுதான் கைகழுவுற தண்ணி!"

"அக்கா தாங்குவாளா?"

நத்தைக்குத் தெரியவில்லை. சிங்காரம் பசியை மறந்து, மூன்று நாளும் துடுப்பை வீசி வீசி அக்காவுக்குப் புதுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் துணி விலகியது. மிஞ்சியிருந்த பாசி வெளுத்து உதிர்ந்தது. சாமந்தி அக்கா மெல்ல ஒரு விரலை நீட்டினாள். பிறகு இன்னொன்று. சிங்காரம் அழுதேவிட்டது.

அன்று காலை அப்பா போட்ட ஒரு சிட்டிகையை அது மிச்சமில்லாமல் தின்றது. சற்று நேரத்தில் அம்மா கண்ணாடி எதிரே வந்து நின்றாள். வால் துடிக்கத்தான் செய்தது. ஆனால் சிங்காரம் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவின் விரல்களுக்குள் புகுந்துகொண்டது.

பசிக்கு மேல் கேட்டு வாங்குகிறவன், தன் வீட்டை விழுங்கப்போகும் பகையைத் தானே ஊட்டி வளர்க்கிறான்.