தொம்மையின் சுளுக்கு

தூத்துக்குடியில் எட்டு வருஷமாகத் தோற்காத குத்துச்சண்டைச் சாம்பியன் தொம்மை. ஆனால் உப்பளத்துச் சுடலை சவால் விட்டால் மட்டும் அவருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். வைத்தியக்காரி கோமு வந்து கட்டுப் போடுவாள்.

இந்தத் தடவை திருவிழாத் தலைவர் கோமுவைப் பிடித்துக்கொண்டார். "நாளைச் சாயங்காலம் சண்டை. அதுக்குள்ள குணமாகலன்னா, உன் வைத்தியமே பொய்யின்னு ஊருக்கெல்லாம் சொல்லிருவேன்."

இல்லாத சுளுக்கை எப்படி எடுப்பது?

மறுநாள் ஊரே கூடியிருக்க, மேடையில் தொம்மையின் கையைப் பிடித்தபடி கோமு காதோடு சொன்னாள்: "சங்கதி தெரியுமாண்ணே? சுடலை காலைலயே மாமனார் ஊருக்குப் பஸ் ஏறிட்டான்."

அவ்வளவுதான். கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தொம்மை துள்ளி எழுந்தார். "எங்கலே அந்தச் சுடலை? வரச் சொல்லு!"

"வந்துட்டேன் அண்ணாச்சி," என்று கூட்டத்திலிருந்து எழுந்தான் சுடலை. "பொண்டாட்டிய மாமனார் வீட்ல விட்டுட்டு மத்தியானமே திரும்பிட்டேன்."

ஊர் சிரித்த சிரிப்பில் தொம்மைக்கு வேறு வழியில்லை, சண்டையில் இறங்கினார். முட்டி மோதி, மயிரிழையில் ஜெயித்தும்விட்டார்.

மறுநாள் ஒரு முழுச் சீலா மீனோடு கோமுவின் வாசலில் நின்றார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"நீ நல்லாயிருக்கணும், தாயி. எட்டு வருஷம் கழிச்சு நேத்துதான் நிம்மதியாத் தூங்குனேன்."

"கையைக் காட்டுங்கண்ணே," என்றாள் கோமு. "உங்க கையில எனக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு."